காட்டு மரத்துல கரண்ட்: புகைபோக்கில போற கார்பன் யார் கணக்குல வருது?

இங்கிலாந்துல நார்த் யார்க்‌ஷைர் பக்கம் செல்பின்னு ஒரு ஊர், அதுக்குப் பக்கத்துல டிராக்ஸ் பவர் பிளான்ட். 1970கள்ல நிலக்கரிக்காகவே கட்டினது, ஒரு காலத்துல மேற்கு ஐரோப்பாவுலயே பெரிய நிலக்கரி மின் நிலையம். மொத்தம் 6 மின் உற்பத்தி யூனிட், அதுல 4 யூனிட்டை 2013-ல இருந்து 2018-க்குள்ள ஒண்ணொண்ணா மரத்துக்கு மாத்திட்டாங்க, மிச்ச ரெண்டு நிலக்கரி யூனிட்டையும் அப்புறம் மூடிட்டாங்க. இப்போ அங்க எரியறது மரம்தான். வருஷத்துக்கு 60, 70 லட்சம் டன் மர பெல்லட் (மரத்தைப் பொடியாக்கி அழுத்திச் செஞ்ச சின்னக் குச்சி), பிரிட்டனோட மொத்த கரண்ட்ல 4, 5 சதவீதம் அங்கேர்ந்துதான் வருது.

அரசாங்கக் கணக்குல இது காத்தாலை, சோலார் கூட ஒரே வரிசையில ரினியூவபிள்னு நிக்குது. புகைபோக்கில கார்பன் டை ஆக்சைடு போகாமலா இருக்கு, போகுது, கம்பெனியும் அதை மறைக்கல, தன்னோட வருஷ அறிக்கையிலயே தனியா ஒரு வரியில போடறாங்க. ஆனா அந்த பவர் பிளான்டோட கணக்குல அது ஜீரோ. எம்பர்ங்கற எரிசக்தி ஆய்வு அமைப்பு 2024-ல கணக்கு போட்டுச் சொன்னது, 2023-ல டிராக்ஸ் விட்டது 1 கோடியே 15 லட்சம் டன், நாட்டுல மிச்சம் இருந்த கடைசி நிலக்கரி ஸ்டேஷன் ராட்கிளிஃப் விட்டதை விட 4 மடங்கு. கம்பெனி இந்தக் கணக்கு முறையை ஏத்துக்கல, மரத்தோட கார்பனையும் நிலக்கரியோட கார்பனையும் ஒண்ணா வெச்சுப் பேசக்கூடாதுங்கறது அவங்க வாதம். ராட்கிளிஃபை 2024 செப்டம்பர் 30-ம் தேதி மூடினப்போ பிரிட்டன்ல நிலக்கரி கரண்டுக்கே முடிவு வந்துச்சுனு எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க, எனக்கும் சந்தோஷம்தான், ஆனா அன்னிக்கும் நாட்டுலயே அதிகமா கார்பன் விட்ட ஒத்தை இடம் ஒண்ணு "பச்சை" லிஸ்ட்ல இருந்துச்சு, அதைப் பத்திப் பேசினவங்க கம்மி.

நம்பரை நாமளே போட்டுப் பார்த்துடலாம், கஷ்டமே இல்ல. ஐ.நா-வோட பருவநிலை விஞ்ஞானிகள் குழுவான ஐ.பி.சி.சி கொடுத்திருக்கற பொது மதிப்புப்படி 1 கிகாஜூல் சூடு எடுக்க மரத்தை எரிச்சா 112 கிலோ கார்பன் டை ஆக்சைடு, சாதாரண நிலக்கரின்னா சுமார் 95 கிலோ, இயற்கை எரிவாயுன்னா 56 கிலோ. மரத்துல ஈரம் ஜாஸ்தி, அதே எடைக்கு சூடு கம்மி, அதனால ஒரே அளவு சூட்டுக்கு அதிகமா எரிக்கணும். ஒரு ஸ்டேஷன் அந்தச் சூட்டுல 38 சதவீதத்தைக் கரண்டா மாத்துதுனு வெச்சுக்கிட்டா, நம்ம மீட்டர்ல ஓடற ஒரு யூனிட்டுக்கு மரத்துல இருந்து சுமார் 1.06 கிலோ வருது, நிலக்கரியில 0.9 கிலோ, நல்ல கேஸ் பிளான்ட்ல 0.4 கிலோ. புகைபோக்கி வாசல்ல நின்னு பார்த்தா மரம்தான் மூணுலயும் மோசம். இதுல மரத்தை வெட்டறது, காய வைக்கறது, கடல் தாண்டிக் கொண்டு வர்றது எதுவும் சேரல.

அப்போ ஜீரோ எப்படி வந்துச்சு? இதுல யாரும் பொய் சொல்லல, ஒரு நியாயமான விதிதான், பாதி வழியில அந்து போச்சு. ஐ.நா பருவநிலை ஒப்பந்தத்துக்காக நாடுகள் கணக்கு குடுக்கும்போது ஒரே கார்பனை ரெண்டு தடவை எண்ணிடக்கூடாதுனு முடிவு பண்ணாங்க. ஒரு மரத்தை வெட்டின உடனே, காடு இருக்கற நாட்டோட நிலக் கணக்குல அந்த கார்பன் போயிடுச்சுனு எழுதிடணும், அதனால அதே மரம் இன்னொரு இடத்துல எரியும்போது மின்சாரக் கணக்குல திரும்ப எழுத வேண்டாம். ரெண்டு பக்கமும் ஒழுங்கா எழுதினா இது சரியான ஏற்பாடு. ஆனா டிராக்ஸுக்கு வர்ற மரத்துல பெரும்பகுதி அமெரிக்காவோட தென் மாநிலங்கள்ல இருந்து வருது, அமெரிக்கா, கார்பனைக் குறைக்க நாடுகளைக் கட்டுப்படுத்தின கியோட்டோ ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டுச்சே தவிர கடைசி வரைக்கும் அதை உறுதி பண்ணல. அங்க காட்டுக் கணக்குல ஒரு குறை விழுந்தா யாரும் காசு கட்டப் போறதில்ல, எரிக்கற நாட்டுல ஜீரோ, ஆக அந்த கார்பனுக்குப் பொறுப்பு ஏத்துக்க ஒருத்தரும் இல்ல. இதை டிம் சர்ச்சிங்கரும் இன்னும் பல விஞ்ஞானிகளும் 2009-லயே சயின்ஸ் இதழ்ல எழுதி எச்சரிச்சாங்க. அதே 2009-லதான் ஐரோப்பிய யூனியன் தன்னோட ரினியூவபிள் எனர்ஜி சட்டத்தைக் கொண்டு வந்து மரத்தை அதுல சேர்த்துச்சு.

அதுக்கு மேல ஐரோப்பாவுலயும் பிரிட்டன்லயும் கார்பன் விட்டா பர்மிட் வாங்கணும், டன்னுக்கு இவ்வளவுனு காசு. விதிகளுக்கு உட்பட்ட மரத்துக்கு அந்த பர்மிட்டும் தேவையில்ல. ஒரு பக்கம் சப்சிடி, இன்னொரு பக்கம் அபராதம் கிடையாது. ரெண்டும் சேர்ந்தா எந்த மின் கம்பெனிக்கும் கணக்கு இனிக்கும், 40 வருஷப் பழைய பாய்லரை இடிக்காம, அதே டர்பைன், அதே லைனை வெச்சுக்கிட்டு பச்சைன்னு பேர் வாங்கிடலாம். பிரிட்டனோட அரசாங்கச் செலவைத் தணிக்கை பண்ற நேஷனல் ஆடிட் ஆபீஸ் 2024 ஜனவரியில போட்ட அறிக்கையில, பயோமாஸுக்கு (மரம், தாள் மாதிரி எரிக்கற உயிர்ப்பொருளுக்கு) அரசாங்க ஆதரவா அதுவரை போன பணம் சுமார் 2,200 கோடி பவுண்டுனு இருக்கு. அதே அறிக்கையில, இந்த மரம் நிலைத்தன்மை விதிப்படிதான், அதாவது காட்டை அழிக்காமதான், வருதுனு நம்பற அளவுக்கு அப்போ இருந்த சரிபார்ப்பு போதுமானதுனு அரசாங்கத்தால காட்ட முடியலன்னும் எழுதியிருக்காங்க. இந்தப் பணம் மக்களோட கரண்ட் பில்லுல இருந்து போனது, வீடு சூடு பண்ண காசு இல்லாம குளிர்ல உக்காந்திருக்கறவங்க பில்லும் அதுல சேர்த்தி. எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப ஆத்தாமையா இருக்கறது இதுதான்.

சரி, எதிர்த்தரப்பு வாதத்தை நியாயமா எடுத்துக்கணும். மரம் திரும்ப வளரும், நிலக்கரி வளராது. மரம் விடற கார்பன் ஏற்கெனவே காத்துல இருந்து எடுத்ததுதான், திரும்ப வளரும்போது மறுபடி எடுத்துக்கும். இது உண்மை, அறிவியல்படி யாரும் மறுக்க முடியாது. கேள்வி எல்லாம் எப்போங்கறதுதான். ஒரு பெரிய மரத்தை எரிக்க ஒரு நிமிஷம் போதும், அதே கார்பனைத் திரும்ப உள்ள இழுக்க கன்னு வெச்சு, அது பிழைச்சு, தடிச்சு, பழைய உசரத்துக்கு வரணும். ஜான் ஸ்டெர்மன்ங்கற அமெரிக்க ஆய்வாளரோட குழு 2018-ல அமெரிக்காவோட கிழக்குப் பக்கத்துக் காடுகளை வெச்சு மாடல் போட்டுப் பார்த்தாங்க: நிலக்கரிக்குப் பதிலா மரம் எரிச்சாலும் முதல்ல காத்துல கார்பன் ஏறத்தான் செய்யும், அந்தக் கடன் அடைய காட்டு வகையைப் பொறுத்து 44-ல இருந்து 104 வருஷம் ஆகும். அதுவும் வெட்டின நிலம் காடாவே இருந்தா. நடுவுல காட்டுத்தீ வந்தா, பூச்சி அடிச்சா, நிலத்துக்காரர் வித்துட்டு வீட்டு மனை போட்டா, கடன் அடையவே அடையாது. உலக நாடுகள் பேசிக்கிட்டிருக்கற கெடு 2050. அதுக்குள்ள குறைக்கணும்ங்கற கார்பனை 2090-ல திரும்ப வாங்கிக்கறேன்னு சொல்றது உதவாது, நடுவுல இருக்கற அந்த வருஷங்கள்லதான் பனி உருகுது, கடல் மட்டம் ஏறுது, அதெல்லாம் பின்னால மரம் வளர்ந்ததும் பழையபடி ஆயிடாது.

இன்னொரு வாதம் இன்னும் சாமர்த்தியமானது. ஒரு மரத்தைப் பார்க்காதீங்க, முழு நிலப்பரப்பையும் பாருங்க, அமெரிக்கத் தென் மாநிலங்கள்ல வெட்டறதை விட வளர்றது அதிகம், காட்டோட மொத்த கார்பன் ஏறிக்கிட்டுதான் இருக்கு, அப்புறம் என்ன நஷ்டம்? கேக்கும்போது சரியாத்தான் தெரியும். ஆனா அந்தக் காடு பெல்லட் கம்பெனி வந்தாலும் வராட்டியும் வளர்ந்துக்கிட்டுதான் இருந்திருக்கும், நம்ம கார், சிமென்ட், இரும்பு ஆலை விட்ட கார்பனை அது ஏற்கெனவே உறிஞ்சிக்கிட்டிருக்கு. ஏற்கெனவே வேற யாருக்கோ செஞ்சுக்கிட்டிருக்கற வேலையை எடுத்து என் புகைக்கு ஈடுனு எழுதிக்க முடியாது. வெட்டாம விட்டிருந்தா இன்னும் எவ்வளவு ஏறியிருக்கும்ங்கறதோட ஒப்பிட்டுதான் லாப நஷ்டம் பேசணும். ஒண்ணை மட்டும் ஒத்துக்கறேன், மரத்துக்கு விலை இருந்தா நிலத்துக்காரர் அதைக் காடாவே வெச்சிருப்பார், இல்லன்னா வேற எதுக்காவது மாத்திடுவார்னு அவங்க சொல்றதுல கொஞ்சம் உண்மை இருக்கு, அங்க காடு பெரும்பாலும் தனியார் கையிலதான். ஆனா பெல்லட்டுக்குப் போற மட்ட ரக மரத்துக்குக் கிடைக்கற விலை ரொம்பக் கம்மி, நிலத்தைக் காப்பாத்தற அளவுக்கு அது தாங்குமாங்கறது சந்தேகம்தான்.

இந்த இடத்துல எந்த மரம்ங்கறதைப் பிரிச்சுப் பார்க்கணும், ஏன்னா எல்லா மரமும் ஒண்ணு இல்ல. மரம் அறுக்கற மில்லுல விழற தூள், சிராய், பட்டை இதெல்லாம் எரிக்காம விட்டாலும் சில வருஷத்துல மக்கி அதே கார்பனைத்தான் விடப் போகுது, அதை எரிச்சு கரண்ட் எடுத்தா பெரிய நஷ்டம் இல்ல. சின்னக் கொப்பு, கிளை, அதுவும் ஓரளவுக்கு சரி, மொத்தத்தையும் வாரிக்கிட்டுப் போனா மண்ணுக்குச் சத்து போயிடும். அடிமரம், வேர்க்கட்டை, முழு மரம்னு வரும்போதுதான் கணக்கு தலைகீழாகுது, அதெல்லாம் நின்னிருந்தா இன்னும் பல பத்து வருஷம் கார்பனைப் பிடிச்சு வெச்சிருக்கும். ஐரோப்பிய கமிஷனோட கூட்டு ஆராய்ச்சி மையம் 2021-ல ஐரோப்பாவுல எரியற மரத்தைப் பிரிச்சுப் பார்த்தப்போ சுமார் பாதி மில் கழிவு மாதிரி வேற வேலையில மிஞ்சின மரம், 37 சதவீதம் நேரா காட்டுல இருந்து வந்த மரம், மிச்சம் 14 சதவீதம் எங்கேர்ந்து வந்துச்சுனே வகைப்படுத்த முடியல. வேர்க்கட்டையைப் பிடுங்கறதும் இயற்கைக் காட்டை அழிச்சு ஒரே வகை மரத்தோட்டம் போடறதும் பருவநிலைக்கும் கேடு, உயிரினங்களுக்கும் கேடுன்னு அந்த அறிக்கையிலயே தெளிவா இருக்கு.

கழிவை மட்டும்தானே எரிக்கறோம்னு சொன்னா, அளவு இடிக்குது. பச்சை மரத்துல எடையில பாதி தண்ணி, ஒரு டன் பெல்லட்டுக்கு சுமார் 2 டன் பச்சை மரம் வேணும். டிராக்ஸ் ஒண்ணுக்கே வருஷத்துக்கு 1 கோடியே 20 லட்சம் டன்னுக்கு மேல ஆகுது, பிரிட்டன் முழுக்க ஒரு வருஷத்துல வெட்டற மரமே ஏறக்குறைய 1 கோடி டன்தான். ஒரே ஒரு ஸ்டேஷன், நாட்டோட கரண்ட்ல 20-ல ஒரு பங்கு, அதுக்கே நாட்டுல வெட்டற மொத்த மரமும் பத்தல. இதை வெச்சுக்கிட்டு நிலக்கரியை முழுசா ஈடு கட்டறதுங்கறது எந்த நாட்டுக்கும் நடக்கற காரியம் இல்ல.

அந்த மரம் எங்கேர்ந்து வருதோ அங்கயும் ஒரு தடவை பார்க்கணும். வட கரோலினா, வர்ஜீனியால இருந்து கீழ மிசிசிப்பி, லூசியானா வரைக்கும் பெல்லட் மில்கள். லாரி லாரியா கட்டை வந்து இறங்கும், பட்டையை உரிச்சு, சில்லு சில்லா வெட்டி, பெரிய உருளை டிரையர்ல போட்டு ஈரத்தை 10 சதவீதத்துக்குக் கீழ கொண்டு வந்து, சுத்தியல் மில்லுல பொடியாக்கி, துளை போட்ட இரும்பு டை வழியா அழுத்தித் தள்ளுவாங்க. தனியா பசை எதுவும் பெருசா வேண்டாம், அழுத்தத்துல வர்ற சூட்டுல மரத்துல இயற்கையாவே இருக்கற லிக்னின்ங்கற பிசின் மாதிரிப் பொருள் இளகி ஒட்டிக்கும். வெளிய வர்றது 6-ல இருந்து 8 மில்லிமீட்டர் தடிமன்ல வழவழப்பா ஒரு குச்சி. தண்ணி பட்டா உப்பி உதிர்ந்துடும், அதனால துறைமுகம், கப்பல், ரயில், கிடங்கு எல்லாத்துலயும் மூடியே வெக்கணும், மூடி வெச்சா உள்ளுக்குள்ள சூடேறும், தூசு பறந்தா பத்திக்கும். இங்கிலாந்துல டில்பரி ஸ்டேஷன்ல 2012 பிப்ரவரியில பெல்லட் கிடங்குல பிடிச்ச தீ பெரிய தீ.

டிரையர்ல பைன் மரத்தைக் காய வைக்கும்போது ஆவியோட கரிமச் சேர்மங்கள் வெளிய வரும், ஃபார்மால்டிஹைடு, மெத்தனால் எல்லாம் அதுல இருக்கு, அதோட நுண்ணிய மரத்தூசி. மிசிசிப்பியில கிளாஸ்டர்னு ஒரு சின்ன ஊர், ஆயிரம் பேருக்கும் குறைவு, பெரும்பாலும் கறுப்பின மக்கள், வருமானம் குறைஞ்ச ஊர். அங்க டிராக்ஸோட பெல்லட் மில் அனுமதிச்ச அளவை விட அதிகமா இந்தச் சேர்மங்களை விட்டதுக்கு மாநில அரசு 25 லட்சம் டாலர் அபராதம் போட்டுச்சு, லூசியானால இருக்கற ரெண்டு மில்லுக்காக 2022-ல 32 லட்சம் டாலர் கட்டி சமரசம் பண்ணாங்க. அந்த ஊர்க்காரங்க மூச்சுத்திணறல், ஆஸ்துமா, ராத்திரி முழுக்க சத்தம்னு வருஷக் கணக்கா சொல்லிக்கிட்டிருக்காங்க. கரண்ட் எரியறது லண்டன்ல, தூசியைச் சுவாசிக்கறது கிளாஸ்டர்ல. கார்பன் கணக்கை எப்படித் திருத்தினாலும் அந்த மக்களுக்கு நடக்கறதுக்கு அதுல இடம் கிடையாது, இதைத் தனியாத்தான் பேசணும், பேசவும் வேணும்.

காடுன்னா அங்க ரெண்டு விதம். ஒண்ணு லோப்லாலி பைன் தோட்டம், வரிசையா நட்டு 25, 30 வருஷத்துல வெட்டறது. இன்னொண்ணு ஆத்தோரச் சதுப்புக் காடு, சைப்ரஸ், டுபெலோ மரங்கள் தண்ணிக்குள்ளயே நிக்கற இடம், வெள்ளம் வந்தா தாங்கிப் பிடிக்கற இடம். அந்தக் கடலோரச் சமவெளி முழுசையும் 2016-ல உலகத்தோட பல்லுயிர் முக்கிய மண்டலங்கள்ல ஒண்ணா அறிவிச்சாங்க. சதுப்புக் காட்டை வெட்டிட்டு நட்டுடறேன்னு சொல்றதுல அர்த்தம் இல்ல, பைன் நட்டா அது பைன் தோட்டம்தான்.

கனடால வேற மாதிரி பிரச்சினை. 2022-ல பிபிசி போய் பிரிட்டிஷ் கொலம்பியால டிராக்ஸ் தொடர்பான இடங்கள்ல மனுஷன் கை படாத பழைய காட்டுல இருந்தும் மரம் எடுக்கறாங்கனு காட்டுச்சு, கம்பெனி அதை மறுத்துச்சு. அதுக்கப்புறம் பிரிட்டனோட எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு ஆஃப்ஜெம் விசாரிச்சு, 2024 ஆகஸ்ட்ல, கனடா மரம் என்ன வகை, எவ்வளவுங்கற டேட்டாவை ஒழுங்கா வெச்சிருக்கலன்னு முடிவு பண்ணி, கம்பெனி 2 கோடியே 50 லட்சம் பவுண்டு கட்ட ஒத்துக்கிச்சு. சப்சிடி தப்பா வாங்கினதுக்கு ஆதாரம் கிடைக்கலன்னும் ஆஃப்ஜெம் சொன்னாங்க, அதையும் சேர்த்துச் சொல்லணும். ஆனா இத்தனை கோடி சப்சிடி வாங்கற இடத்துல எந்த மரம்னு ரெக்கார்டே சரியா இல்லன்னா, நிலைத்தன்மை சான்றிதழுக்கு என்ன மதிப்பு?

ஐரோப்பா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குது. 2018-ல கிட்டத்தட்ட 800 விஞ்ஞானிகள் ஐரோப்பிய பார்லிமென்டுக்கு எழுதினாங்க, 2021-ல 500 பேருக்கு மேல உலகத் தலைவர்களுக்கு எழுதினாங்க. 2023-ல திருத்தின சட்டத்துல, அறுத்து பலகையா பயன்படுத்தக்கூடிய அடிமரம், வேர்க்கட்டை இதுக்கெல்லாம் நேரடி சப்சிடி குடுக்கக்கூடாதுனு வந்துச்சு. நல்ல அடி, ஆனா அந்த மரத்தை எரிச்சா ஜீரோங்கற கணக்கு அப்படியேதான் இருக்கு. ஃபின்லாந்துல 2021-ல நிலக் கணக்கு முதல் தடவையா உறிஞ்சறதுல இருந்து வெளிவிடற பக்கம் மாறிச்சு, வெட்டு அதிகமானதும் மரம் வளர்ற வேகம் குறைஞ்சதும் காரணம். அங்க வெட்டற மரம் எல்லாம் எரிக்கவே போறதுன்னு சொல்ல முடியாது, பேப்பர் கூழுக்குப் போறது நிறைய, இருந்தாலும் காடு எவ்வளவு வேணா தாங்கும்னு நினைச்ச ஒரு நாட்டுலயே இப்படின்னா மத்த இடத்தை யோசிச்சுக்கணும்.

அடுப்புல விறகு எரிக்கறவங்களை இதுல இழுக்கக்கூடாது. உலகத்துல வெட்டற மரத்துல ஏறக்குறைய பாதி எரிபொருளாத்தான் போகுது, அதுல பெரும்பங்கு சமையலுக்கு, வேற வழி இல்லாத குடும்பங்கள். அவங்களுக்கு வேண்டியது கேஸ் அடுப்பு, சுத்தமான காத்து. பயோமாஸ் எல்லாமே மோசம்னும் சொல்லிடக்கூடாது. நம்ம ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடறாங்க, சின்ன பயோமாஸ் பிளான்டுக்கும் அது போகுது, அது வெட்டின கட்டையில இருந்து சில வருஷத்துலயே திரும்பத் தழைச்சுடும், அதுவும் அழிக்கணும்னு கோர்ட்டே சொன்ன மரம், கடன் அடையற காலம் ரொம்பக் குறைவு. பஞ்சாப், ஹரியானால வயல்லயே கொளுத்தற நெல் தாளை பெல்லட்டாக்கி நிலக்கரியோட 5 சதவீதம் கலந்து எரிக்கணும்னு மத்திய மின்துறை 2021-ல கொண்டு வந்த திட்டமும் அதே மாதிரி, அடுத்த வருஷமே அடுத்த பயிர் வந்துடும். மாடல், பேப்பர் எல்லாம் படிக்காமலே யாரும் கேக்கக்கூடிய கேள்வி இதுதான்: எரிக்காம விட்டிருந்தா இது எத்தனை வருஷம் இருந்திருக்கும்?

பிரிட்டன் 2025 பிப்ரவரியில புது முடிவு எடுத்துச்சு. 2027-ல இருந்து 2031 வரைக்கும் டிராக்ஸுக்கு சப்சிடி உண்டு, ஆனா இப்போ இருக்கறதுல பாதி, ஸ்டேஷன் எப்பவும் ஓடாம தேவைப்படறப்போ மட்டும் ஓடணும், மரம் 100 சதவீதம் நிலைத்தன்மை விதிப்படி இருக்கணும். இதுக்கு நடுவுல புகையைப் பிடிச்சுக் கடலுக்கு அடியில புதைக்கற திட்டமும் பேசிக்கிட்டிருக்காங்க, பிடிக்கறது நடந்தாலும் காட்டுல வந்த குறை அப்படியேதான் இருக்கும்.

மேற்குல தேவை குறையற அறிகுறி தெரியுது, உலகத்துலயே பெரிய பெல்லட் கம்பெனியா இருந்த என்விவா 2024 மார்ச்ல திவால் பாதுகாப்பு கேட்டுப் போச்சு. கிழக்குல அப்படி இல்ல. ஜப்பான் 2012-ல இருந்து சப்சிடி விலை குடுத்து மர பிளான்டுகளை வளர்த்திருக்கு, வியட்நாம், கனடா, அமெரிக்கானு எல்லா பக்கமும் வாங்குது. தென் கொரியா 2024 டிசம்பர்ல புது மர பிளான்டுகளுக்கு ஆதரவை நிறுத்தறதா அறிவிச்சுச்சு, அது பெரிய விஷயம். இந்தோனேஷியாவோ தன்னோட 52 நிலக்கரி ஸ்டேஷன்ல மரம் கலந்து எரிக்கத் திட்டம் போட்டிருக்கு, அதுக்கு வேண்டிய மரத்துக்காக எனர்ஜி தோட்டம்னு பேர் வெச்சு நிலம் ஒதுக்கறாங்க, சுலவேசி தீவுல கோரன்டாலோ பக்கம் அப்படி ஒதுக்கின நிலத்துல இயற்கைக் காடே வெட்டுப்பட்டு பெல்லட்டா ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் கப்பல் ஏறியிருக்கு.